நண்டலாற்றின் இரு கரைக்கும் ஒரே கிருமி

கோபம் வந்தாலும் 'தம்பி' என்றே கூப்பிட்டுத் திட்டத் தெரிந்த என் வசந்தா அண்ணிக்கு,

உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். 'டாக்டர் திருமதி வசந்தா அவர்கள் காரைக்காலில் பிறந்து' என்று தொடங்கினேன். கிழித்துப் போட்டேன். மறுபடி தொடங்கினேன், மறுபடி கிழித்தேன். உங்களை 'அவர்கள்' என்று தூரத்தில் நிறுத்தி எழுத எனக்கு வரவில்லை. அதனால் உங்களிடமே பேசிவிடுகிறேன். மற்றவர்கள் கூட இருந்து கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்குப் புரியவேண்டுமே என்பதற்காக உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அண்ணனின் மனைவி. காரைக்கால் ஆஸ்பத்திரியில் கிருமிப் பரிசோதனைக் கூடத்து டாக்டர். நான் மாட்டு டாக்டர். வீடு காரைக்காலில் உங்களோடு, வேலை நண்டலாற்றுக்கு அக்கரையில், பொறையாறில். ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி அரசாங்கம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசாங்கம். பஸ்ஸில் ஒரு பாட்டை முணுமுணுத்து முடிப்பதற்குள் நான் தினமும் அரசாங்கம் மாறிவிடுவேன்.

அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமையோடு மார்செய் துறைமுகத்தில் வேலையாக இருந்தான். 'நீயும் வந்துவிடு' என்று அவன் எழுதுவான். 'அடுத்த வருஷம்' என்று நீங்கள் எழுதுவீர்கள். அந்த அடுத்த வருஷம் ஏன் வரவே இல்லை என்பதுதான் நான் சொல்லப்போகும் கதை.

எழுபதுகளின் பின்பாதியில், ஓர் ஐப்பசி மழையில்தான் எல்லாம் தொடங்கியது. வரிச்சிக்குடியிலிருந்து அஞ்சலை என்ற நடவுக்காரப் பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இன்னும் சரியாக நடக்கப் பழகாத பெண் குழந்தை. விடாத காய்ச்சல், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. வார்டு டாக்டர் குளோராம்பெனிகால் கொடுத்தார். அந்த நாளில் அப்படிப்பட்ட காய்ச்சலுக்கு எல்லாரும் நம்பியிருந்த மருந்து அதுதான். காய்ச்சல் இறங்கவே இல்லை. குழந்தை இறந்துபோனது.

அதன் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்க்கத் தட்டில் போட்டிருந்தீர்கள். தட்டு பேசத் தொடங்கியபோது குழந்தை இல்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்கவில்லை.

"தட்டுல கிருமியைத் தடவி, மருந்து தோச்ச காகித வில்லையை நடுவுல வைப்போம் தம்பி. மருந்து வேலை செஞ்சா வில்லையைச் சுத்தி வெறுமையா ஒரு வட்டம் விழும். கிருமி கிட்ட வராது. இது வில்லை மேலயே ஏறி வளந்து நிக்குது. மருந்துன்னு ஒண்ணு இருக்குறதாவே அதுக்குத் தோணல."

அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் இருந்தது பயமா, அவமானமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து அஞ்சலை உங்களைத் தேடிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். வாசற்படியைத் தாண்டாமல் நின்று கேட்டாள்: "டாக்டரம்மா, எம் புள்ளைக்கு என்னதான் வந்துச்சு? வேளா வேளைக்குத்தானே மருந்து குடுத்தேன். நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

நீங்கள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "உம்மேல ஒரு தப்பும் இல்ல அஞ்சலை. நீ சரியாத்தான் குடுத்தே. அந்த மருந்து கேக்கல. ஏன் கேக்கலைன்னு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சதும் உன் வீட்டுக்கு வந்து சொல்றேன்."

டாக்டர்கள் 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. நானே சொன்னதில்லை. பசு செத்துப்போனால் கூட ஏதாவது ஒரு வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவேன்.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "பொறையாறு டாக்டர் சாமுவேலைப் பாத்து, அவர்கிட்ட இப்படி ஏதும் வருதான்னு கேட்டுட்டு வாங்க" என்றீர்கள். சாமுவேல் நான் சொன்னதைக் கேட்டதும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வருதுங்க. நானும் அதே மருந்தைத்தான் குடுக்குறேன், கேக்க மாட்டேங்குது. மாதிரி எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்புறேன். அங்கேர்ந்து பதில் வர்றதுக்குள்ள புள்ளை ஒண்ணு பொழச்சிருக்கும், இல்லாட்டிப் போயிருக்கும். காரைக்கால்ல உங்க அண்ணி இருக்காங்கன்னு தெரியும். ஆனா அது வேற அரசாங்கம்ல?"

அவருடைய அறிக்கை தஞ்சாவூருக்குப் போகும். உங்களுடையது புதுச்சேரிக்குப் போகும். இரண்டும் எங்கேயும் சந்திக்காது. நடுவில் கொஞ்சம் தண்ணீர் மட்டுமே ஓடும் ஓர் ஆறு.

அன்று முதல் நான் உங்கள் தபால்காரன் ஆனேன். கிருமிகள் வழியில் செத்துப்போகாமல் இருக்க, நீங்கள் காய்ச்சி வடிகட்டிய ஊட்டச் சாற்றைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்துக் கொடுப்பீர்கள். நான் அக்கரைக்கு எடுத்துப்போய், சாமுவேலிடம் கொடுத்து, மாதிரி போட்டதும் ஐஸ் பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவருவேன். ஐஸ் கிளிஞ்சல்மேட்டு மீன்காரர்கள் தந்தது. பெட்டியும் அவர்களுடையதுதான். எவ்வளவு கழுவினாலும் சங்கரா மீன் வாசனை போகாது.

அந்த எல்லைச் சாவடியை மறக்க முடியுமா, அண்ணி? தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். காரைக்காலிலிருந்து போகும் பஸ் ஒவ்வொன்றையும் நிறுத்தி, கடைசி சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்ப்பார்கள். சாமுவேலை நேரில் பார்க்க நீங்களும் என்னோடு கிளம்பிய அன்று, போலீஸ்காரர் நேராக என் மடியில் இருந்த பெட்டிக்கு வந்தார். திறந்தார். உள்ளே வரிசையாகக் குப்பிகள். உங்கள் ஊட்டச் சாறு தேன் நிறத்தில், பார்ப்பதற்கு அசல் பிராந்தி போலவே இருந்தது.

"என்ன சரக்கு இது?"

"மாட்டுக்கறிச் சாறு சார். கிருமி வளக்குறதுக்கு" என்றேன் நான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"யாருகிட்ட கதை விடுறே? இறங்கு கீழ."

நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னீர்கள்: "சந்தேகமா இருந்தா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. நான் டாக்டர்தான். பக்கத்துலயே இருக்கேன்."

அவர் ஒரு குப்பியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது. மூடியைத் திருகி, பெட்டியில் பழையபடி வைத்து, வேட்டி கட்டிய ஒரு பெரியவரின் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் அந்தச் சாவடியில் எனக்குப் பெயரே 'சூப்பு டாக்டர்'தான்.

சாமுவேலின் நோயாளிகளிடமிருந்து வந்த கிருமியும் அஞ்சலை குழந்தையின் கிருமியும் ஒன்றுபோலவே இருந்தன. சால்மொனெல்லா வகை. இது அடங்காத மருந்துகளுக்கு அதுவும் அடங்கவில்லை, இது அடங்கிய மருந்துகளுக்கே அதுவும் அடங்கியது. நல்லவேளையாக, இன்னும் கேட்கும் மருந்து என்று ஒன்றிரண்டு மிச்சம் இருந்தன. மற்றவர்களாக இருந்தால் அத்தோடு சரி என்று வார்டுக்குச் சொல்லிவிட்டு இருந்திருப்பார்கள். நீங்கள் விடவில்லை. நோய் வந்த குழந்தைகளின் ஊர்களை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி, "இந்த ஊரையெல்லாம் நீங்க வைத்தியத்துக்குப் போறப்பப் பாத்திருப்பீங்கள்ல, ஒத்துமை என்ன தம்பி?" என்று கேட்டீர்கள். வரிச்சிக்குடி, குரும்பகரம், அக்கரையில் சில தெருக்கள். எல்லாம் வாய்க்கால் ஓரம். எல்லாம் குறுவை அறுத்த வயல்.

"குறுவை அறுத்தா வாத்து இறங்கும் அண்ணி" என்றேன்.

சொன்னபோது அதில் பெரிதாக ஒன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீங்கள்தான் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். "வாத்துக்கு உடம்புக்கு வந்தா என்ன குடுப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போனோம். தாள் மட்டும் நின்ற சேற்றில் வாத்துக் கூட்டம் இரைந்துகொண்டு மேய்ந்தது. மேய்ப்பவர் பெயர் மாரிமுத்து. கையில் நீண்ட கழி, தலையில் பாளைத் தொப்பி. நீங்கள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினீர்கள்.

"வாத்துக்குக் கழிச்சல் வந்தா என்னங்க செய்வீங்க?"

"மஞ்சப் பொடி இருக்கும்மா. கடையில கெடைக்குது. தண்ணியில கரைச்சு எல்லாத்துக்கும் வச்சுருவோம்."

"நோவு வந்த வாத்துக்கு மட்டுமா?"

"அதெப்படி? ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்துரும்ல. வர்றதுக்கு முன்னாடியே வச்சுருவோம். இல்லாட்டி நான் எதைத் தின்கிறது?"

மஞ்சள் பொடி டெட்ராசைக்ளின். யாரும் வாங்கலாம், எவ்வளவும் கலக்கலாம். மாரிமுத்து அந்தக் கூட்டத்தைத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வயல் வயலாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எத்தனை முறை எல்லையைத் தாண்டினீர்கள் என்று நீங்கள் கேட்டபோது அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எந்த எல்லைம்மா? அறுத்த வயல்னா இறங்குவேன், அறுக்காத வயல்னா சுத்திப் போவேன்."

வாத்து எச்சத்திலிருந்து மாதிரி எடுத்தோம். வாய்க்கால் தண்ணீரில் எடுத்தோம். எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே பிள்ளைகள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் வளர்ந்தபோது வாத்திலும் தண்ணீரிலும் அதே கிருமி, அதே பிடிவாதம்.

"வாத்துக்குக் குடுத்தது வேற மருந்தாச்சே, குழந்தைக்குக் குடுத்தது ஏன் கேக்காம போச்சு?" என்று நான் கேட்டேன்.

"அதுதான் தம்பி பயமா இருக்கு. கிருமி ஒரு மருந்தை எதுக்குறதுக்கு மட்டும் தனியாக் கத்துக்கிறதில்ல. பல மருந்தை எதுக்குற சக்தியைச் சேத்தே வச்சிருக்கு. பக்கத்துல இருக்குற வேற கிருமிக்கும் அதைக் கைமாத்திக் குடுத்துருது." கொஞ்சம் நிறுத்தி, "வாத்துலேர்ந்து பிள்ளைக்கு வந்துச்சா, பிள்ளைகிட்டேர்ந்து வாய்க்கால் வழியா வாத்துக்குப் போச்சா, அதை நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா மூணு இடத்துலயும் ஒண்ணா இருக்கு. மூணையும் சேத்துப் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்" என்றீர்கள்.

சொன்னபடி அஞ்சலை வீட்டுக்குப் போனீர்கள். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வெகுநேரம் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது உங்கள் இருவர் கண்களும் சிவந்திருந்தன.

சேர்த்துப் பார்ப்பது என்று சொல்லிவிட்டீர்கள். எப்படிச் சேர்ப்பது? இரண்டு அரசாங்கம். அதிலும் மனித வைத்தியம் ஓர் இலாகா, கால்நடை இன்னோர் இலாகா, தண்ணீர் வேறோர் இலாகா. அக்கரை டாக்டர் இக்கரைக்கு அலுவலாக வரவேண்டுமென்றால் சென்னையிலிருந்து அனுமதி வேண்டும். நீங்கள் அக்கரைக்குப் போவதென்றால் புதுச்சேரி சம்மதிக்க வேண்டும். எழுதிப் பார்த்தீர்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

ஒருநாள் மாலை, எங்கள் மகளை மடியில் வைத்திருந்த என் மனைவி இந்திராவிடம், "கலாவுக்கு எப்போ காது குத்தப்போறீங்க?" என்று கேட்டீர்கள். தையில் பார்க்கலாம் என்றாள் இந்திரா. "வர்ற முகூர்த்தத்துலயே வச்சுருவோமே. விருந்து என் செலவு. கூப்பிடுற ஆளும் என் பொறுப்பு" என்றீர்கள். அவள் பாவம், மூத்த ஓரகத்திக்கு எவ்வளவு ஆசை என்று நெகிழ்ந்துபோனாள்.

காதுகுத்து அன்று வீட்டுக்குள் நுழைந்தவர்களைப் பார்த்து இந்திரா என்னை அடுக்களைக்கு இழுத்துப் போனாள். "யாருங்க இவங்கள்லாம்? நம்ம சொந்தத்துல எனக்குத் தெரியாம இத்தனை டாக்டருங்களா?" சாமுவேல் வந்திருந்தார். சீர்காழி மாட்டு டாக்டர் வந்திருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து குழந்தை வைத்தியர், திருநள்ளாற்றிலிருந்து சுகாதார ஆய்வாளர். விசேஷத்துக்குப் போவதற்கு எந்த அரசாங்கமும் அனுமதி கேட்பதில்லை.

மாரிமுத்துவையும் அழைத்திருந்தீர்கள். அவர் வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு கூடை வாத்து முட்டை கொண்டுவந்தார். அத்தனை டாக்டர்களும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கூடையையே பார்த்தார்கள். மாரிமுத்துவுக்கு முகம் சுருங்கத் தொடங்கியது. நீங்கள் எழுந்துபோய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா வேக வச்சுச் சாப்பிடுவோம். இந்திரா, இதை உள்ள வைம்மா" என்றீர்கள். அந்த இடத்தில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

கலா அழுது ஓய்ந்து தூங்கியபின், இலை எடுத்த கூடத்திலேயே தட்டுகளைப் பரப்பினீர்கள். முதலில் சண்டைதான். "உங்க ஊர் வாய்க்கால்லேர்ந்துதான் எங்க பக்கம் வருது" என்றார் ஒருவர். "தண்ணி மேட்டுலேர்ந்துதானே பள்ளத்துக்கு வரும்? நீங்க மேடு, நாங்க பள்ளம்" என்றார் இன்னொருவர். மாட்டு டாக்டர்களைப் பார்த்துக் குழந்தை வைத்தியர் குரலை உயர்த்த, நானும் உயர்த்தினேன்.

நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் குழந்தை எங்க ஆஸ்பத்திரியில செத்துப்போச்சு. யாராலன்னு கேக்க நான் உங்களைக் கூப்பிடல. அடுத்த குழந்தை எங்க படுத்திருந்தாலும், எந்த மருந்து கேக்கும்னு அங்க இருக்குற டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றீர்கள். சீர்காழிக்காரர்தான் முதலில், "எங்க பக்கத்துக் கோழி எச்சத்தை யாருகிட்ட குடுத்தனுப்பட்டும்?" என்று கேட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. ஆளாளுக்கு அவரவர் பக்கத்திலிருந்து மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் உங்கள் மேசைக்கு வந்தது. எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று எல்லாருக்கும் ஒரே நாளில் தகவல் போயிற்று. தட்டில் வைக்கும் மருந்து வில்லைகள் அண்ணன் புண்ணியம். அவன் விடுப்பில் வரும்போதெல்லாம் பெட்டியில் செண்டுக் குப்பிக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே கொண்டுவருவான். 'மற்றவன் பெண்டாட்டிகள் பட்டுச் சேலை கேட்கிறார்கள்' என்று ஒருமுறை எனக்கு எழுதியிருந்தான். வருத்தத்தில் எழுதியதா, பெருமையில் எழுதியதா?

மூன்று நான்கு காதுகுத்து, ஒரு புதுமனைப் புகுவிழா, ஒரு வளைகாப்பு ஆனபிறகு விஷயம் மேலே போய்விட்டது. மனிதர்களுக்கான ஆய்வுக்கூடத்தில் வாத்து எச்சத்தைப் பரிசோதிக்க யார் அனுமதித்தது, வேற்று மாநில நோயாளிகளின் மாதிரியை எந்த விதியின்கீழ் வாங்கினீர்கள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வேலையே போகலாம் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். மேலதிகாரி ஒருவர் நேரிலேயே வந்தார்.

அன்று நான் ஐஸ் பெட்டியோடு உள்ளே நுழைந்துவிட்டு, திரும்பிப் போகவும் முடியாமல் சுவரோரமாக நின்றேன். அவர் கோபமாகத்தான் இருந்தார். நீங்கள் வாதாடவில்லை. மூன்று தட்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தீர்கள்.

"சார், இதுல ஒண்ணு நம்ம ஊர்க் குழந்தைகிட்ட எடுத்தது. ஒண்ணு அக்கரை வாத்து. ஒண்ணு ரெண்டு ஊருக்கும் பொதுவான வாய்க்கால். நமக்கு உரிமை உள்ளது எதுன்னு காட்டுங்க சார். மத்ததை இப்பவே தூக்கிப் போட்டுர்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலையேம்மா."

"எனக்கும் தெரியாதுங்க சார். பின்னாடி ஒட்டியிருக்குற சீட்டைப் பாத்தாத்தான் தெரியும்."

சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கிளம்பும்போது, "எழுத்துல என்னால எதுவும் குடுக்க முடியாது. எழுத்துல நீங்களும் எதுவும் கேக்காதீங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "நிறுத்தச் சொல்லி நான் சொல்லல" என்றார். நீங்கள் அவர் போனபின் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "தம்பி, வேலை போச்சுன்னே நெனச்சேன்ப்பா" என்று சிரித்தீர்கள். அதிகாரிகளிடம் உங்களுக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு உங்கள்மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

மாரிமுத்துவிடம் நாம் தோற்றதையும் சொல்ல வேண்டும். நம் பேச்சைக் கேட்டு ஒரு பருவம் அவர் பொடியை நிறுத்தினார். நிறைய வாத்துகள் செத்தன. செத்த வாத்துகளைக் கழியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு என் மருந்தகத்து வாசலில் வந்து நின்று கத்தினார். நீங்கள் விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே வந்து அவரிடம் சொன்னீர்கள்: "நாங்க நிறுத்துங்கன்னு மட்டும் சொன்னோம், அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு சொல்லல. அது எங்க தப்புதாங்க."

அடுத்த பருவத்தில் நான் வாரம் தவறாமல் வயலுக்குப் போனேன். நோய் கண்ட வாத்தைத் தனியே பிரித்து, அதற்கு மட்டும் அளவான மருந்து. ஊரார் குடிக்கும் குளத்தில் கூட்டம் இறங்காமல் ஓட்டுவது. இரவில் அடைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாரிமுத்து நம்மை விட்டுப் போகவில்லை. எந்தக் கூட்டம் எங்கிருந்து கிளம்பியது, எங்கே கழிச்சல் கண்டிருக்கிறது என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பத் தொடங்கினார். வயலிலிருந்து அந்தச் செய்தி வந்தால், ஆஸ்பத்திரியில் நீங்கள் உஷாராகிவிடுவீர்கள்.

அப்படி ஒரு செய்தி வந்த வாரத்தில்தான் சாமுவேலிடம் அந்த ஆண் குழந்தை வந்தது. அதே காய்ச்சல், அதே ரத்தம். அவர் தஞ்சாவூர்ப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். எது கேட்கும் என்று நீங்கள் முந்தைய தட்டுகளைப் பார்த்துச் சொன்னீர்கள். முதல் ஊசியே சரியான ஊசியாக விழுந்தது. பிழைத்தான். அன்று சாமுவேல் பஸ் ஏறி காரைக்காலுக்கு வந்து, நம் வீட்டு வாசலில் நின்றபடியே, "டாக்டர், காய்ச்சல் இறங்கிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போனார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நீங்கள் அடுக்களைக்குள் போய் அண்ணனுக்குக் கடிதம் எழுதினீர்கள். 'இந்த வருஷமும் முடியாது போலிருக்கிறது' என்று எழுதியதாகச் சொன்னீர்கள். கடைசியில் அவன்தான் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தான். நீங்கள் கண்ணை மூடும்வரை இரண்டு பேரும் சேர்ந்து இருந்த நாள் குறைவு. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. உங்களுக்கு வருத்தம் இருந்ததா, அண்ணி? ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். அண்ணன் நன்றாக இருக்கிறான். காலையில் கடற்கரைவரை நடக்கிறான். மீன் வாங்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்து இந்திராவிடம் பேச்சு வாங்குகிறான். கலா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தன் காதுகுத்துக்கு ஏன் அவ்வளவு டாக்டர்கள் வந்தார்கள் என்று போன மாதம்தான் அவளுக்கு முழுக்கதையையும் சொன்னேன். "பெரியம்மா என்னை வச்சுக் கூட்டம் போட்டாங்களா?" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

உங்கள் இடத்துக்கு ஓர் இளம் பெண் டாக்டர் வந்திருக்கிறார். மாதிரிகளை நிறுத்திவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனேன். "முன்னாடி எப்படி நடந்துச்சோ அப்படியே நடக்கட்டும்ங்க. ஆனா இதுக்கு ஏன் விசேஷம் வைக்கணும்? நேரா எழுதிக் கேப்போமே" என்றார். கேட்டும்விட்டார். பதில் வரவில்லை. அதனால் போன வெள்ளிக்கிழமை சாமுவேல் தன் ஓய்வு விருந்து என்று சொல்லி எல்லாரையும் பொறையாறுக்கு அழைத்தார். நீங்கள் இல்லாத முதல் கூட்டம். வராமல் போனவர் ஒருவரும் இல்லை. கடலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக இருவர் வந்திருந்தார்கள். இறால் குட்டைகளில் மருந்து கொட்டத் தொடங்கியிருக்கிறார்கள், அதையும் பார்க்கவேண்டும் என்றார்கள். நமக்குத் தோன்றாத இடம். தட்டில் வட்டங்கள் முன்பைவிடச் சிறுத்துக்கொண்டு வருகின்றன என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். நீங்கள் இருந்தால் பயந்திருப்பீர்கள், பயந்துகொண்டே அடுத்த தட்டை எடுத்திருப்பீர்கள்.

நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. ஓய்வு பெற்றாலும் பஸ் ஓடத்தானே போகிறது. வாக்குக் கொடுக்கிறேன், அண்ணி: என் கால் நடக்கும்வரை இந்த ஆற்றின் இரண்டு பக்கத்துக் குழந்தைக்கும் எந்த மருந்து கேட்கும் என்பது இரண்டு பக்கத்து டாக்டருக்கும் தெரிந்திருக்கும். தையில் அறுவடை முடிந்ததும் இறால் குட்டைகளுக்குப் போகிறோம். புது டாக்டரம்மாவுக்குச் சேற்றில் இறங்கக் கூச்சம் இல்லை, பார்த்துவிட்டேன்.

என்றும் உங்கள் கொழுந்தன்,
பாலு